சிறு வணிகமும் செலவில்லா விளம்பரமும்

பூக்கடைக்கு விளம்பரம் வேண்டியதில்லை என்பது தமிழ் மக்களிடையே வழங்கும் பழமொழி. மலரின் மணமே கொள்வோரை அழைத்து வரும் என்பது அதன் கருத்து. ஆனால், அந்த மணம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதைப் பழமொழி சொல்லவில்லை. தெருமுனை வரை செல்லலாம். காற்று வாய்ப்பாக வீசினால் அடுத்த தெருவுக்கும் செல்லலாம். அதற்கு அப்பால் வாழ்பவருக்கு அப்படியொரு கடை இருப்பதே தெரியாது. சிறு வணிகரின் நெடுங்காலத் துன்பம் இத்தூரத்தினாலே விளைந்ததாகும். பொருள் நல்லது, விலையும் நியாயமானது, ஆயினும் அதனை அறிந்தவர் சிலரே.

இத்தூரத்தைக் கடக்க வணிகர் காலந்தோறும் பல வழிகளை நாடினர். சந்தையிலே கூவி விற்றனர். துண்டுப்பிரசுரம் அச்சிட்டுப் பகிர்ந்தனர். பத்திரிகைகளில் இடம் வாங்கினர். 1950 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாத இறுதியில் இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கியபோது, ஒரு பொருளின் பெயர் கடல் கடந்து தென்னிந்திய இல்லங்களிலும் ஒலிக்கலாயிற்று. ஆயினும் பத்திரிகையின் இடத்துக்கும் வானொலியின் நேரத்துக்கும் விலை உண்டு. அவ்விலையைக் கொடுக்க வல்லவை பெரிய நிறுவனங்களே. வீட்டுத் திண்ணையில் இருந்து பனங்கட்டி விற்பவருக்கும் ஒற்றைத் தையல் இயந்திரத்தோடு தொழில் நடத்துபவருக்கும் அக்கதவு திறக்கவில்லை.

கடந்த இருபது ஆண்டுகளுக்குள் இந்நிலை பெரிதும் மாறியிருக்கின்றது. 2004 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழக மாணவரிடையே தோன்றிய பேஸ்புக், 2007 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், வணிக நிலையங்கள் தமக்கெனப் பக்கம் அமைத்துக்கொள்ள வழிசெய்தது. 2005 இல் யூடியூப் தோன்றியது. 2010 இல் இன்ஸ்டகிராம் வந்தது. 2009 இல் தொடங்கப்பெற்ற வாட்ஸ்அப், 2018 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் சிறு வணிகருக்கென்றே வாட்ஸ்அப் பிஸ்னஸ் என்னும் தனிச் செயலியை வெளியிட்டது. செயலி என்பது ஒரு குறித்த வேலைக்காகக் கைத்தொலைபேசியில் நிறுவப்படும் மென்பொருள். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. ஒரு கைத்தொலைபேசியும் இணைய இணைப்பும் உடையவர் எவரும் பணம் செலுத்தாமல் இவற்றைப் பயன்படுத்தலாம்.

எனவே, இன்று சிறு வணிகரின் முன் நிற்கும் வினாக்கள் இரண்டு. இச்சாதனங்களைப் பயன்படுத்துவது எவ்வாறு என்பது முதலாவது. இலவசம் என்று வருவதை எவ்வளவுக்கு நம்பலாம் என்பது இரண்டாவது. முதல் வினாவுக்கு விடை கூறுவோர் பலர். இரண்டாவதை எழுப்புவோர் சிலரே. இரண்டையும் சேர்த்து நோக்குதலே பயன் தரும்.

விளக்கத்தின் பொருட்டு ஓர் உதாரணத்தைக் கொள்ளலாம். உழுந்தும் செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் சேர்த்து, மெல்லியதாகத் தட்டிப் பொரித்தெடுக்கும் பருத்தித்துறை வடை பலரும் அறிந்த பண்டம். பல நாள் கெடாமல் இருப்பதால், வெளியூர் செல்வோர் பொதி பொதியாக வாங்கிச் செல்வர். பருத்தித்துறையில் ஒரு பெண் தன் வீட்டிலே இவ்வடையைச் செய்து அயலிலுள்ள இரண்டு மூன்று கடைகளுக்குக் கொடுத்து வருகின்றாள் என்று வைத்துக்கொள்வோர், அவளுடைய நிலைமையை எளிதில் உணர்வர். கடைக்காரர் கூறும் விலையே அவளுக்கு விலை. வெள்ளவத்தையிலே அவ்வடையைத் தேடுபவர் இருக்கின்றார்; இலண்டனிலிருந்தும் தொறொன்ரோவிலிருந்தும் விடுமுறைக்கு வருபவரும் கேட்கின்றார். அவர்களுக்கும் அவளுக்கும் இடையே வழி இல்லை. அவ்வழியை அமைப்பதே இச்சாதனங்களின் வேலை.

அவள் முதலிற் கைக்கொள்ளத்தக்கது வாட்ஸ்அப் பிஸ்னஸ். வீட்டுப் பேச்சுக்கு ஓர் இலக்கமும் தொழிலுக்கு வேறோர் இலக்கமும் வைத்திருத்தல் நன்று. இரண்டு சிம் அட்டைகள் பொருந்தும் தொலைபேசியில், சாதாரண வாட்ஸ்அப் ஓர் இலக்கத்திலும் வணிக வாட்ஸ்அப் மற்றைய இலக்கத்திலும் ஒருங்கே இயங்கும். இவ்வாறு பிரித்துவிட்டால் உறவினரின் திருமணப் படங்களுக்கிடையே வாடிக்கையாளரின் செய்தி மறைந்துபோகாது.

இச்செயலியிலே தொழிலின் பெயர், இடம், திறந்திருக்கும் நேரம் ஆகியவற்றைப் பதிந்து வைக்கலாம். பொருட் பட்டியல் என்னும் பகுதியிலே ஒவ்வொரு பொருளுக்கும் படம், விலை, சிறு விளக்கம் ஆகியவற்றைச் சேர்க்கலாம். இவ்வாறு 500 பொருள்கள் வரை இடமுண்டு. இது கண்ணாடி அலுமாரி ஒன்றை வாடகையின்றிப் பெறுவது போன்றது. புதிதாக எழுதுபவருக்கு வரவேற்புச் செய்தி தானாகவே செல்லும்படி செய்யலாம். இரவில் ஒருவர் எழுதினால், காலை எட்டு மணிக்குப் பதில் கிடைக்கும் என்ற அறிவிப்பு அவரை உடனே சென்றடையும்படியும் ஒழுங்கு செய்யலாம். நாள்தோறும் வரும் ஒரே வகைக் கேள்விகளுக்குரிய விடைகளை முன்னரே எழுதி ஆயத்தமாக வைக்கலாம்.

இவற்றுள் மிகவும் பயனுள்ளதும், பலரும் கவனியாமல் விடுவதும், அடையாளச் சீட்டு என்னும் வசதியாகும். கடைத்தெருவிலே ஓடர் என்று சொல்லப்படும் கட்டளைகள் பத்து இருபது சேர்ந்துவிட்டால், யார் பணம் கொடுத்தார், யாருக்குப் பொதி அனுப்பியாயிற்று என்பதில் குழப்பம் உண்டாகும். ஒவ்வொருவருடைய உரையாடலுக்கும் ‘புதிய கட்டளை’, ‘பணம் வரவேண்டும்’, ‘அனுப்பியாயிற்று’ என்று நிறம் வேறுபட்ட சீட்டுகளை ஒட்டிவிடலாம். ஒரு கணக்குப்பிள்ளை செய்யும் வேலையிற் பாதியை இது செய்துவிடும்.

பழகிய வாடிக்கையாளர் பலருக்கு ஒரே வேளையிற் செய்தி அனுப்பும் வசதியும் இதில் உண்டு. ஆனால், அவ்விலக்கத்தைத் தமது தொலைபேசியிற் குறித்து வைத்திருப்பவரையே அச்செய்தி சென்றடையும். ஆகையால், முதல் முறை வாங்குபவரிடமே இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுமாறு பணிவாகக் கேட்டல் வேண்டும். அவர் விரும்பாவிட்டால் அவருக்குச் செய்தி அனுப்பாமல் இருத்தலும் வேண்டும். அழையாத வீட்டினுள் நாள்தோறும் நுழைபவரை எவரும் விரும்புவதில்லை.

வாட்ஸ்அப் அறிந்தவரோடு பேசும் திண்ணை என்றால், பேஸ்புக்கும் இன்ஸ்டகிராமும் அறியாதவர் நடமாடும் தேர்முட்டி. இங்கே சிறு வணிகர் பலர் முதற்படியிலேயே இடறுகின்றனர். தம் சொந்தக் கணக்கையே கடையாக்கிவிடுகின்றனர். சொந்தக் கணக்கில் நண்பர் தொகை 5,000 ஐத் தாண்ட இயலாது. வணிகப் பக்கத்துக்கு அவ்வெல்லை இல்லை. வணிகப் பக்கத்தைப் பலர் சேர்ந்து நிருவகிக்கலாம். எந்தப் படத்தை எத்தனை பேர் கண்டனர், எந்த வேளையிற் கண்டனர் என்னும் கணக்கும் அதிலே கிடைக்கும். பேஸ்புக், இன்ஸ்டகிராம் என்னும் இரண்டும் ஒரே நிறுவனத்துக்கு உரியவை. 2021 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதல் அந்நிறுவனம் மெற்றா என்று பெயர் பூண்டுள்ளது. அது தரும் மெற்றா பிஸ்னஸ் சூட் என்னும் இலவசச் சாதனத்தைக் கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு வேளையிலே ஒரு வாரத்துக்குரிய பதிவுகளை எழுதி, இன்ன நாளில் இன்ன நேரத்தில் வெளிவரட்டும் என்று குறித்துவிடலாம். அடுப்படியில் நிற்பவளுக்கு இது பெரிய உதவி.

கண்ணாற் கண்டு விரும்பத்தக்க பொருள்களுக்கு இன்ஸ்டகிராமும் சிறு காணொளிகளும் ஏற்றவை. மருதமுனை கைத்தறிக்குப் பெயர் போன ஊர். அங்குள்ள நெசவாளர் ஒருவர் நெய்து முடித்த சேலையைப் படம் பிடித்துப் போடுவதோடு நின்றுவிடாமல், தறியிலே நாடா ஓடுவதையும், நூல் சாயம் ஏறுவதையும், கரை உருவாவதையும் ஒரு நிமிடக் காணொளியாகக் காட்டலாம். சேலையின் விலை ஏன் அவ்வளவு என்று அவர் விளக்க வேண்டிய தேவையே இராது. கைவினையின் மதிப்பு அதன் உழைப்பைக் கண்டவருக்குத் தானே புலப்படும். இயந்திரத் துணியோடு விலையிற் போட்டியிட முடியாத கைத்தறிக்கு இதுவே தக்க விளம்பரமாகும்.

மூன்றாவதாகக் குறிப்பிடத்தக்கது கூகுள் நிறுவனத்தின் வணிக விவரப் பதிவு. முன்னர் கூகுள் மை பிஸ்னஸ் என வழங்கிய இது, 2021 ஆம் ஆண்டு முதல் கூகுள் பிஸ்னஸ் புரொபைல் எனப்படுகின்றது. யாழ்ப்பாணம் நோக்கி ஏ-9 வீதியிற் செல்லும் ஒருவரின் மோட்டார் சைக்கிள் கிளிநொச்சியிற் பழுதடைந்தால், அவர் பேஸ்புக்கைத் திறந்து நண்பரின் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். அருகில் திருத்தகம் எங்கே உள்ளது என்றே தேடுவார். அவ்வேளையிலே நிலப்படத்திற் பெயர் தோன்றும் திருத்தகத்துக்கே அவர் செல்வார். தேவை வந்த கணத்திலே தேடுபவரிடம் கொண்டு சேர்ப்பது இப்பதிவின் சிறப்பு. உரிமையாளர் தாமே என்பதைக் காணொளி, தொலைபேசி முதலிய வழிகளுள் கூகுள் கேட்கும் ஒன்றினால் உறுதிப்படுத்த வேண்டும். கடையின்றி வீட்டிலிருந்து தொழில் செய்பவர், வீட்டு முகவரியை மறைத்து, தாம் சேவை வழங்கும் பிரதேசத்தை மட்டும் காட்டலாம். தனித்து வாழும் பெண்கள் இதனை அறிந்திருத்தல் நலம்.

படமும் எழுத்தும் செப்பமாக அமைவதற்கும் இலவசச் சாதனங்கள் உண்டு. அவுஸ்திரேலியாவில் உருவாகி 2013 இல் வெளியான கன்வா அவற்றுள் ஒன்று. அதில் ஆயத்த மாதிரிகள் பல உள்ளன. தமிழ் எழுத்துகளும் கிடைக்கின்றன. எனினும், சாதனத்திலும் முக்கியமானது நேர்த்தி. மின்விளக்கின் மஞ்சள் ஒளியிலே எடுக்கும் படத்தைவிட, காலை வேளையில் யன்னலருகே வைத்து எடுக்கும் படம் தெளிவாக இருக்கும். வாழையிலையோ வெள்ளைத் தட்டோ போதும். அலங்காரம் மிகுந்தால் பொருள் மறைந்துவிடும். பிறருடைய படத்தை எடுத்துத் தன் பொருளென்று காட்டுதல் ஒருபோதும் தகாது. பொதியைத் திறக்கும் நாளிலே அந்தப் பொய் வெளிப்பட்டுவிடும்.

அறிவித்தல் எழுதும்போது வாங்குபவர் மனத்தில் எழும் வினாக்களுக்கு விடையிருத்தல் வேண்டும். பொருள் யாது, எதனால் ஆனது, எவ்வளவு நிறை, என்ன விலை, எங்கே கிடைக்கும், எவ்வாறு அனுப்பப்படும், எத்தனை நாள் கெடாதிருக்கும் என்பன அவ்வினாக்கள். ‘மிகச் சிறந்த, ஈடிணையற்ற, சுவைமிக்க வடை’ என்று எழுதுவதைவிட, ‘இன்று காலை பொரித்தது, 250 கிராம் பொதி, நாளை காலை கொழும்பு பஸ்ஸில் அனுப்பப்படும்’ என்று எழுதுவது மேல். நாட்டின் பிற பகுதியினரும் வாங்க வேண்டுமாயின், இரண்டு வரி சிங்களத்திலும் எழுதுவது வணிகத்துக்கும் நல்லது, உறவுக்கும் நல்லது.

விலையைப் பற்றித் தனியே ஒரு சொல் கூறவேண்டியிருக்கின்றது. படத்தைப் போட்டுவிட்டு, விலையைத் தனிச்செய்தியிற் கேட்கும்படி எழுதுவது இன்று பரவிவிட்ட வழக்கம். கேட்பவர் நாலு வார்த்தை பேசினால் வாங்கிவிடுவார் என்று வணிகர் எண்ணுகின்றார். ஆளுக்கொரு விலையோ என்று வாங்குபவர் ஐயுறுகின்றார். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வர்த்தகர் தம் நிலையத்திலே விலைகளைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று விதிக்கின்றது. கண்ணாடி அலுமாரிக்குப் பொருந்தும் அந்நேர்மை கைத்தொலைபேசித் திரைக்கும் பொருந்துதல் வேண்டும்.

இனி, இரண்டாவது வினாவுக்கு வரலாம். இவ்வளவு வசதியையும் அந்நிறுவனங்கள் ஏன் இலவசமாகத் தருகின்றன? தருமத்துக்காக அன்று. பேஸ்புக்கை நடத்தும் நிறுவனத்தின் வருமானத்தில் மிகப் பெரும் பங்கு விளம்பரக் கட்டணத்தால் வருவது. மக்கள் எதைப் பார்க்கின்றனர், எதில் நிற்கின்றனர், எதை விரும்புகின்றனர் என்னும் விவரங்களைத் திரட்டி, அவற்றின் துணையால் விளம்பர இடத்தை விற்பதே அதன் தொழில். சிறு வணிகர் ஏற்றும் படமும் காணொளியும் மக்களை அங்கே கூட்டி வைக்கின்றன. ஆகவே, பணமாகக் கொடுக்காவிட்டாலும், உழைப்பாகவும் நேரமாகவும் விவரமாகவும் ஒரு விலை கொடுக்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றது. அவ்விலையைக் கொடுப்பதில் தவறில்லை. கொடுப்பதை அறிந்து கொடுத்தல் வேண்டும்.

அங்கே சட்டம் வகுப்பவரும் அந்நிறுவனமே. 2018 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், நண்பர், குடும்பத்தினர் ஆகியோரின் பதிவுகளுக்கு முதலிடம் அளித்து, வணிகப் பக்கங்களின் பதிவுகளைக் குறைவாகக் காட்டப்போவதாகப் பேஸ்புக் அறிவித்தது. பல ஆண்டு உழைத்து ஆயிரக்கணக்கானோரைத் தம் பக்கத்திற் சேர்த்தவர்கள், தம் பதிவு அவர்களுட் சிலரையே சென்றடைவதைக் கண்டனர். மற்றையோரையும் அடைய வேண்டுமாயின் பணம் கட்டி விளம்பரம் செய்யும் வழி திறந்திருந்தது. இது கண்டு மனம் நோவதிலும், முன்னரே அறிந்து நடப்பது மேல். பணம் கட்டி விளம்பரம் செய்ய விரும்புவோர், இலவசப் பதிவுகளுள் எது மக்களைக் கவர்ந்தது என்று பார்த்து, அதற்கு மட்டும் சிறு தொகை செலவிட்டு, எத்தனை கட்டளைகள் வந்தன என்று கணக்கெடுத்த பின்னரே மேலும் செலவிடுதல் அறிவுடைமை. ‘லைக்’ எனப்படும் விருப்பக் குறிகள் எத்தனை வந்தாலும் அவற்றைக் கொண்டு அரிசி வாங்க முடியாது.

கொடுத்த இடம் திரும்ப எடுக்கப்படுவதும் உண்டு. கூகுள் நிறுவனம் நடத்திய கூகுள் பிளஸ் என்னும் சமூக வலைத்தளம் 2019 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. வணிக விவரப் பதிவோடு சிறு வணிகருக்கு அந்நிறுவனம் இலவசமாக அமைத்துக் கொடுத்த இணையத்தளங்கள் 2024 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்டன. 2021 ஆம் ஆண்டு ஒக்டோபர் 4 ஆம் திகதி, பேஸ்புக், இன்ஸ்டகிராம், வாட்ஸ்அப் ஆகிய மூன்றும் தொழில்நுட்பக் கோளாறினால் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் முடங்கின.

இலங்கையருக்கு இவ்வனுபவம் வேறு வழியாலும் வாய்த்திருக்கின்றது. 2018 ஆம் ஆண்டு மார்ச் மாதம் கண்டி மாவட்டத்திலே வன்செயல்கள் நிகழ்ந்தபோது அரசாங்கம் சமூக ஊடகங்களை ஏறத்தாழ ஒரு வாரம் தடை செய்தது. 2019 ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களை அடுத்து மீண்டும் தடை வந்து, ஏப்ரல் மாத இறுதி வரை நீடித்தது. 2022 ஆம் ஆண்டு ஏப்ரல் 3 ஆம் திகதி, பொருளாதார நெருக்கடியால் எழுந்த போராட்டங்களின் நடுவே, பல மணி நேரம் அவை தடைப்பட்டன. அத்தடைகள் சரியா தவறா என்பது வேறு விவாதம். வாடிக்கையாளரின் பெயரும் இலக்கமும் அச்செயலிகளுக்குள் மட்டுமே இருந்த வணிகருக்கு, அந்நாட்களில் கடை பூட்டப்பட்டது போலவே இருந்திருக்கும். பூட்டின் திறப்போ அவரிடம் இல்லை.

இவற்றோடு வஞ்சகரின் தொல்லையும் சேர்ந்துகொள்கின்றது. அவர்கள் கையாளும் வழிகள் பெரும்பாலும் மூன்று. கைத்தொலைபேசிக்கு வந்த ஆறு இலக்கக் குறியீட்டைத் தவறுதலாக அனுப்பிவிட்டதாகவும் அதைத் திருப்பித் தருமாறும் கேட்பது ஒன்று. அதனைச் சொல்லிவிட்டால் வாட்ஸ்அப் கணக்கே அவர்கள் கைக்குப் போய்விடும். பக்கம் நீக்கப்படப்போகின்றது என்று நிறுவனத்தின் பெயராற் பொய்ச் செய்தி அனுப்பிக் கடவுச்சொல்லைப் பறிப்பது மற்றொன்று. வங்கியிற் பணம் இட்டதாகப் போலிப் பற்றுச்சீட்டின் படத்தை அனுப்பிப் பொருளைப் பெற்றுக்கொள்வது மூன்றாவது. குறியீட்டை எவருக்கும் சொல்லாதிருத்தலும், செயலியில் உள்ள இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி வைத்தலும், படத்தை நம்பாமல் வங்கிக் கணக்கையே பார்த்துப் பணம் வந்ததை உறுதி செய்தலும் இவற்றுக்குத் தக்க காவல். கணக்குப் பறிபோனால், இலங்கை சேர்ட் என்னும் கணினிப் பாதுகாப்பு நிறுவனத்திடம் முறையிடலாம்.

ஆகவே, இச்சாதனங்களை விலக்கிவிடுவதா? அவ்வாறு கூறுவது கிணற்று நீர் உவர்க்கும் என்று அஞ்சிக் கிணறே வேண்டாம் என்பது போலாகும். பருத்தித்துறைப் பெண்ணுக்கு வெள்ளவத்தையைக் காட்டியது இதுவே. மருதமுனைத் தறிக்கு மதிப்பளித்ததும் இதுவே. செய்யவேண்டியது, பிறர் காணியிலே கொட்டில் போட்டு வியாபாரம் செய்பவர் எவ்வளவு விழிப்போடு இருப்பாரோ அவ்வளவு விழிப்போடு இருத்தல். கொட்டிலை அங்கே போடலாம். பெட்டகத்தை அங்கே வைக்கலாகாது.

சிறு வணிகரின் பெட்டகம் அவருடைய வாடிக்கையாளர் பட்டியலே. ஒரு சாதாரண அப்பியாசக் கொப்பி போதும். பெயர், தொலைபேசி இலக்கம், ஊர், வாங்கிய பொருள், வாங்கிய திகதி ஆகிய ஐந்து நிரல்களை வரைந்து, ஒவ்வொரு நாள் மாலையும் அன்றைய கட்டளைகளை எழுதி வைத்தல் வேண்டும். வாட்ஸ்அப் முடங்கினாலும் சாதாரண அழைப்பு உண்டு, குறுஞ்செய்தி உண்டு. கொப்பி கையில் இருப்பவருடைய தொழில் ஒரு நாள் தாமதிக்கலாம், அழிந்துபோகாது. அக்கொப்பியில் உள்ள பெயர்கள் நம்பிக்கையின் பேரில் ஒப்படைக்கப்பட்டவை என்பதையும் மறத்தலாகாது. அவற்றைப் பிறருக்குக் கொடுத்தலும் விற்றலும் அந்த நம்பிக்கைக்குச் செய்யும் துரோகம்.

அதனோடு வேறு சில ஒழுங்குகளும் உள. வணிகப் பக்கத்தின் பொறுப்பை வீட்டிலே நம்பத்தக்க இன்னொருவருக்கும் பகிர்ந்து வைத்தால், ஒரு தொலைபேசி தொலைந்தாலும் பக்கம் தொலையாது. படங்களின் மூலப்பிரதிகளை வேறோரிடத்திற் சேமித்து வைக்கலாம். இரண்டு சாதனங்களையாவது பயன்படுத்தினால், ஒன்று அடைபட்ட வேளையில் மற்றொன்று உதவும். பிரதேச செயலகத்தின் வழியாக வணிகப் பெயரைப் பதிவு செய்து, அதே பெயரில் வங்கிக் கணக்குத் திறந்தால், அறியாத ஊரவருக்கும் நம்பிக்கை பிறக்கும். இலங்கை மத்திய வங்கி ஒழுங்கு செய்துள்ள லங்கா கியூஆர் முறையினால், பணம் பெறுதலும் எளிதாகும். உணவுப் பண்டம் செய்பவர் பொதியிலே செய்த திகதியையும் சேர்மானங்களையும் தெளிவாகக் குறித்தல் வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளிலே தொடங்க முற்படுவோர் ஒரு மாதத்துக்குள் களைத்துவிடுவர். முதல் மாதம் வாட்ஸ்அப் பட்டியலையும் கொப்பியையும் செம்மை செய்யலாம். இரண்டாம் மாதம் கூகுள் நிலப்படத்திலே பெயரைப் பதியலாம். மூன்றாம் மாதம் பேஸ்புக் பக்கத்தையோ இன்ஸ்டகிராமையோ தொடங்கி, வாரத்துக்கு இரண்டு பதிவுகள் தவறாமல் இடலாம். பிள்ளைகள் கைத்தொலைபேசியில் வல்லவர்களாயிருக்கும் வீடுகளில் அவர்களைத் துணைக்கு அழைக்கலாம். தாயின் தொழிலுக்கு உதவும் பிள்ளை, அத்தொழிலின் கணக்கையும் மதிப்பையும் சேர்த்தே கற்றுக்கொள்ளும்.

இச்சாதனங்கள் எத்தனை வந்தாலும், அவற்றால் இயல்வது முதல் முறை ஒருவரை அழைத்து வருவது மட்டுமே. அவர் இரண்டாம் முறை வருவது வடையின் மொறுமொறுப்பாலும், நிறையின் நேர்மையாலும், சொன்ன நாளிலே பொதி சேர்வதாலும் ஆகும். பூக்கடைப் பழமொழி அந்த வகையிலே இன்னும் பொய்த்துவிடவில்லை. மணத்தைத் தொலைவுக்குக் கொண்டு செல்லும் காற்று இன்று இலவசமாகக் கிடைக்கின்றது. அது என்றும் ஒரே திசையில் வீசும் என்று நம்பியிராமல், வீசும்போதே வந்தவரின் பெயரைக் கொப்பியிற் குறித்து வைப்பவரே நிலைத்து நிற்பார்.